மாலை விசேஷத்துக்கு டீ பார்ட்டியே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு விசேஷங்களுக்கு என்ன பரிமாறலாம் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பனீர் டிக்கா, ஃப்ரைடு ரைஸ், ஐஸ்கிரீம் என்று நீண்ட பட்டியல். எல்லாமே ராத்திரி பஃபே, எல்லாமே கேட்டரிங்காரர் கொண்டுவந்து வைப்பது. மாலை நாலரை மணிக்கு வீட்டிலேயே ஒரு டீ பார்ட்டி வைக்கலாம் என்று இப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ப்ரமோஷன், ரிட்டையர்மென்ட் எதுவானாலும் அங்கே டீ பார்ட்டிதான்: ஒரு ஸ்வீட், ஒரு காரம், ஒரு வாழைப்பழம், சூடாக டீ. தன் 75-வது பிறந்தநாளுக்கும் அதையேதான் கேட்டார். "ராத்திரி சாப்பாடு யாருக்கு ஜீரணமாகும்? டீ பார்ட்டி வையுங்க, போதும்" என்றார். அவருடைய தோழிகளில் பாதிப் பேருக்கு சர்க்கரை வியாதி. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விருந்து கிடையாது.

25 பேருக்கு ரவா கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, சட்னி சாண்ட்விச், ரோஸ் குக்கீஸ், டீ. இதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரோஸ் குக்கீஸ் நம் அச்சு முறுக்கின் உறவு. அதில் முட்டை சேரும். பெரம்பூரில் ரயில்வே குடும்பங்களோடு வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலோ இந்தியர் வீட்டு கிறிஸ்துமஸ் தட்டிலிருந்து அது பழக்கம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் பல நாள் மொறுமொறுவென்று இருக்கும். அதனால் அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவிடலாம். கேசரிக்கு அரை கிலோ ரவை, மதியமே கிளறி வைக்கலாம். கேசரி பவுடர் வேண்டாம், குங்குமப்பூ இருந்தால் போதும்.

சாண்ட்விச்சில்தான் கவனம் வேண்டும். சென்னை வெயிலில் தேங்காய் சட்னி சீக்கிரம் ஊசிப்போகும். கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு மட்டும் வைத்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். முதலில் வெண்ணெயை ஓரம் வரை தடவி, அதன் மேல்தான் சட்னி. வெண்ணெய் இருந்தால் ஈரம் பிரெட்டில் இறங்காது. வெள்ளரிக்காய் வைப்பதானால் உப்புப் போட்டுப் பிழிந்துவிட்டு வைக்க வேண்டும். முக்கோணமாக வெட்டி ஈரத்துணி போட்டு மூடினால் ஓரம் காயாது. இரண்டு பெரிய பாக்கெட் பிரெட்டில் ஆளுக்கு இரண்டு துண்டு வரும்.

பஜ்ஜி மட்டும் விருந்தாளிகள் வந்த பிறகுதான். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றில், மூன்று மணிக்கே பொரித்து டப்பாவில் அடைத்து வந்த பஜ்ஜியை ஐந்து மணிக்குக் கொடுத்தார்கள். நீராவியில் வேர்த்துத் தொய்ந்துபோயிருந்தது, குழந்தைகள்கூடத் தொடவில்லை. அரை கிலோ கடலை மாவோடு ஒரு கை அரிசி மாவு கலந்து, வாழைக்காயைச் சீவித் தண்ணீரில் போட்டு வைத்திருந்தால், எண்ணெய் காய்ந்ததும் சுடச்சுட வந்துகொண்டே இருக்கும். ஆனால் அடுப்படியில் ஒரே ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது. எங்கள் வீட்டில் என் கணவரும் தம்பியும் மாறி மாறிப் போட்டார்கள். அம்மா பாட்டுப் பாடியபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெண்களை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு நடக்கிற விசேஷம் எனக்குப் பிடிப்பதில்லை.

அப்புறம் டீ. 2 லிட்டர் பால், ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், 75 கிராம் டஸ்ட் டீ. தட்டிய இஞ்சியைத் தண்ணீரிலேயே கொதிக்கவிட்டு, பிறகு பால் ஊற்ற வேண்டும். பச்சை இஞ்சியைப் பாலில் நேராகப் போட்டால் திரிந்துபோகலாம். சர்க்கரை தனியாக ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும், அவரவர் கலந்துகொள்வார்கள்.

டம்ளர் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் எங்கே பார்த்தாலும் அதில்தான் டீ கொடுக்கிறார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டால் 25 எவர்சில்வர் டம்ளர் கிடைக்காதா? எங்கள் ஃபிளாட்டில் கேட்டோம், சந்தோஷமாகக் கொடுத்தார்கள். டம்ளர் கொடுத்த வீடுகளில் இருந்தும் வந்து அம்மாவை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

ரயில்வே, தபால் ஆபீஸ், பேங்க் என்று வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் ஆபீஸ் டீ பார்ட்டியில் என்ன கொடுத்தார்கள், வீட்டில் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு வாங்கி, இணைப்பில் அரைப் பக்கமாவது வெளியிடுங்கள். அம்மாவின் பழைய டைரியில் வெஜிடபிள் கட்லெட்டுக்கு அளவு இருக்கிறது. வேண்டுமென்றால் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை - 11