மாடி அறைக்கு ஓடு

கல்லிடைக்குறிச்சி,
சித்திரை 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாப்பிள்ளையும் பேரனும் சுகமா? குழந்தையை வெயிலில் விடாதே. நீங்கள் இருப்பதும் கடைசி மாடி. பகலெல்லாம் காங்கிரீட் குடித்த சூடு ராத்திரி பத்து, பதினோரு மணி வரைக்கும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரரிடம் சொல்லி மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக்கொள்.

மாடி அறையின் தகரத்தைக் கழற்றப் போகிறேன். வைகாசிக்குள் முடித்தாக வேண்டும். ஆனி பிறந்தால் மேல்காற்றும் சாரலும் வந்துவிடும், கூரையைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்க முடியாது. எதைப் போடலாம் என்று ஒரு மாதமாக ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரார் வீட்டுக் கடனுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிற அதிகாரி நீ. உன்னைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இரண்டு தடவை போன் செய்தேன், மீட்டிங் என்றாய். மாசியில் திருநெல்வேலி டவுனில் ஒரு கல்யாணத்தில் உன்னைப் பார்த்ததாக அத்தை சொன்னாள். சரி, அது கிடக்கட்டும்.

வெல்டிங் பட்டறைக்காரர் கலர் ஷீட் போடச் சொல்கிறார். அரை மில்லிமீட்டர் கனம், இரண்டே நாளில் வேலை முடிந்துவிடுமாம். சதுர அடிக்கு அரைக் கிலோ எடைகூட வராது. அதனால்தான் ஆடிக் காற்று அதைத் தூக்கப் பார்க்கிறது. திருகாணிக்கு அடியில் இருக்கிற ரப்பர் வில்லை வெயிலில் காய்ந்து வெடித்தால் ஒவ்வொரு துளையும் ஒழுகும். பழைய தகரத்தில் ஏறிப் பார்த்தேன், பாதி வில்லைகள் தொட்டவுடன் உதிர்ந்தன. கடைக்காரர் ஒருவர் சிமெண்ட் ஷீட் மலிவு என்றார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கிறது. அறுத்தாலும் துளை போட்டாலும் பறக்கிற தூசி நெஞ்சுக்குள் போய்த் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். பேரன் படுக்கிற இடத்துக்கு மேலே அது வரக் கூடாது.

காங்கிரீட்தான் என் ஆசை. கொத்தனாரை அழைத்துவந்து காட்டினேன். அவர் சுவரின் கனத்தைக் கையால் அளந்து பார்த்து, "ஐயா, இது நாலரை அங்குலச் சுவர். ஐந்து அங்குலத் தளம் போட்டால் சதுர அடிக்கு முப்பது கிலோ இறங்கும். இது தாங்காது. தகரத்துக்கென்றே கட்டின சுவர்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2006இல் கீழே உன் தம்பிக்கு ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பிக் காங்கிரீட் போட்டேன். அந்தத் தளத்தின்மேல் உனக்கு நாலரை அங்குலச் சுவரும் தகரமும். கையில் பணம் குறைந்தது என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பணம் இருந்தது. அம்மா கேட்டபோது, "இன்னொரு வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு இது போதும்" என்றேன். நீ படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாய். உன் அறை வெயிலை வாங்கிக்கொண்டதால்தான் அவன் அறை குளிர்ச்சியாக இருந்தது. இப்போது அவன் துபாயில் இருக்கிறான், அறை பூட்டிக் கிடக்கிறது.

2008 பங்குனியில், பிளஸ் டூ பரீட்சை நேரத்தில், புறவாசலிலிருந்து தென்னங்கிடுகு சுமந்து ஏற்றித் தகரத்தின் மேல் பரப்பி, கயிறு கட்டி, சாயங்காலம் சாயங்காலம் தண்ணீர் தெளித்தாய். ஈரம் நின்றால் துருப்பிடிக்கும் என்று நான் அத்தனையையும் இழுத்துக் கீழே போட்டேன். துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். தகரம் துருப்பிடித்தால் என்ன? நீ ஒரு வார்த்தை பேசாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடு வேய்ந்த முன்கூடமான ஆச்சியின் பட்டாசலுக்குப் போய்விட்டாய். பள்ளிக்கூடத்தில் இரண்டாவதாக வந்தாய். அதை அம்பாசமுத்திரம் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஒரு போன் செய்து, "அப்பா, இப்படிச் செய்தீர்களே" என்று நீயும் கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் மனதிலேயே வைத்திருக்க வேண்டுமா?

ஓடு போடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். நான்கு மூலையிலும் இரும்புத் தூண் நிறுத்தி, சட்டம் கட்டி, பாரத்தைத் தூணில் இறக்கிவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறார். ஓட்டுக்குக் காங்கிரீட் அளவுக்குப் பாரம் வராது. அடிக்கு ஆறு அங்குலமாவது சரிவு வைத்தால்தான் சாரல் உள்ளே ஏறாது. மேலே சீமை ஓடு, அடியில் சீலிங் ஓடு, நடுவில் காற்று. ஓட்டின் இடுக்கு வழியாகச் சூடு மேலேயே போய்விடும். அடுத்த தெருவில் இடிக்கிற வீட்டிலிருந்து 250 ஓடு எடுத்துவைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தேன். கணீர் என்றால் நல்ல ஓடு, சத்தம் செத்திருந்தால் விரிசல். பதினெட்டு ஓட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லாம் மங்களூர் ஓடு. 1865இல் பாசல் மிஷன் என்ற பாதிரிமார் சபைக்காரர்கள் அங்கே சூளை போட்டு ஆரம்பித்த தொழில் அது. பட்டாசலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஓட்டின் அடியில் அச்சாகியிருக்கும் ஆங்கில எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பாயே, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னாலேயே. அதே எழுத்து இவற்றிலும் இருக்கிறது.

குரங்குத் தொல்லைதான் ஒரு கவலை. உடைந்தால் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முகட்டையும் ஓரத்து வரிசையையும் கம்பி போட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க மறந்துவிடாதே. குழந்தைக்கு மோர் கொடு, வெயிலில் விடாதே.

டவுனில் லாட்ஜில் தங்கினாய் என்றும் அத்தை சொன்னாள். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. ஜங்ஷனிலிருந்து செங்கோட்டை ரயில் ஏறினால் நம் ஊர்தான்.

சீலிங் ஓடு அடைப்பதற்கு முன் விசிறிக் கொக்கி எங்கே வரவேண்டும் என்று கொத்தனார் கேட்கிறார். கட்டிலை எந்தச் சுவரோரம் போட்டுக்கொள்வாய் என்று எழுது. நீ எழுதும் வரைக்கும் அந்த இடத்தை விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா