சிங்காரத்தை எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் படிக்க வேண்டிய நாவல்கள் என்று சென்ற இதழில் வெளியான பட்டியலில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யும் இருந்தது. மகிழ்ச்சி. ஆனால் எடுத்த எடுப்பில் அதைக் கையில் கொடுத்தால் பாதிப் பேர் ஐம்பது பக்கம் தாண்ட மாட்டார்கள்.

அவர் எழுதியது இரண்டே நாவல்கள். முதலாவது 'கடலுக்கு அப்பால்'; 1950இல் எழுதி, 1959இல் கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்றது. விமர்சகர்கள் பலர் அதை வெறும் முன்னோட்டம் என்று ஓரங்கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வட்டிக்கடை, அங்கே வேலைபார்க்கும் அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்த நிலை ஊழியர்), பெட்டியடிப் பையன் (எடுபிடி வேலைக்கான சிறுவன்), இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய்வந்த செல்லையாவுக்கு மகளைத் தர மறுக்கும் முதலாளி என்று அந்த உலகத்தோடு இதில் பழகிக்கொண்டால் அடுத்த நாவலில் இந்தோனேசியாவின் மெடானும் மலேசியாவின் பினாங்கும் மிரட்டாது. கதையும் நேராகப் போகிறது.

'தோணி' வேறு ரகம். 1962இல் எழுதியது, 1972இல்தான் புத்தகமாயிற்று. தொங்கான் என்னும் பாய்மரக் கப்பல் புயலில் சிக்கும் அத்தியாயங்களில் வாக்கியங்களே உடைந்து உடைந்து விழும். அதை எல்லோரும் புகழ்கிறார்கள். நாயகன் பாண்டியனும் கூட்டாளிகளும் குடித்துக்கொண்டே பேசும் பக்கங்களைத்தான் புரட்டித் தள்ளிவிடுகிறார்கள். நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. உலகப் போர் நடுவே, கடல் கடந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, மதுரைத் தெருக்களையும் சொந்த ஊரான சின்னமங்கலத்தையும் பாண்டியன் நினைத்துக்கொள்கிறான். அவனும் கூட்டாளிகளும் பழந்தமிழ்ப் பெருமையைப் பழம்பாட்டின் ஓசையிலேயே கிண்டலடிக்கிறார்கள். வாய்விட்டுப் படித்தால்தான் அந்த நக்கல் பிடிபடும். இடையில் மலாய், டச்சுச் சொற்கள் வந்தால் அர்த்தம் தேடி நிற்க வேண்டியதில்லை. பத்துப் பக்கத்தில் தானாகப் புரிந்துவிடும்.

பெண் பாத்திரங்கள் இரண்டு நாவலிலும் மெலிவுதான். அதையும் சொல்லித்தான் பரிந்துரைக்க வேண்டும். 1997இல் மறைந்த சிங்காரம், மதுரையில் 'தினத்தந்தி'யில் பல்லாண்டு வேலைபார்த்தும் மூன்றாவதாக ஒரு நாவல் எழுதவில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது இரண்டையும் வரிசையோடு போடுங்கள். இரண்டு நாவலும் ஒரே தொகுதியாகவும் வந்திருக்கிறது. அதில் 'தோணி' முன்னால் இருந்தால், பின்னால் இருப்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருமங்கலம்.