மணிக்கு, ஜாக் ஸ்டீன் விஷயமாக

அன்புள்ள மணி,

கோச் வேலையிலிருந்து எடுத்து உன்னை ஆலோசகர் ஆக்கிவிட்டார்களாமே. தாமஸ் சொல்லித்தான் தெரியும். அவனிடம் சொல்ல முடிந்த உனக்கு எனக்கு ஒரு போன் போட முடியவில்லை. சரி, அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். சாந்தியின் முழங்கால் பரவாயில்லை, பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், என் தலையில் மிச்சமிருந்த முடியும் போய்விட்டது.

தாமஸ் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த ஸ்காட்லாந்து கால்பந்து மேனேஜர் ஜாக் ஸ்டீன் ஞாபகமாகவே இருக்கிறது. "ஆரம்பித்துவிட்டான் ஸ்காட்லாந்துக்காரன்" என்று நீ முனகுவது கேட்கிறது, முனகிக்கொள். ஆனால் மைதானத்தில் நின்று கத்திக்கொண்டிருந்த ஆளைத் தூக்கிக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்து, பேருக்கு ஒரு பதவியும் கொடுத்து, அதற்குப் பெயர் மரியாதை என்று சொல்வது உங்கள் நிர்வாகம் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1978இல் கிளாஸ்கோவின் செல்டிக் கிளப் ஸ்டீனுக்கு இதைத்தான் செய்தது. 13 வருடத்தில் 10 லீக் பட்டம், 8 ஸ்காட்டிஷ் கோப்பை, ஓர் ஐரோப்பியக் கோப்பை என்று வாங்கிக் கொடுத்த ஆளிடம், டைரக்டர் ஆக்குகிறோம், கிளப்புக்கு நிதி திரட்டும் லாட்டரி வேலையைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். லாட்டரி, மணி! எனக்கு அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, இப்போது உன் விஷயம் வேறு.

பெரிய ஆட்டக்காரன்தான் பெரிய கோச் ஆக முடியும் என்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் நீ விடிய விடியச் சாதித்தது நினைவிருக்கிறதா? ஸ்டீனைப் பார். லனார்க்ஷையரில் பிறந்து, பள்ளிக்கூடத்தை விட்டதும் கொஞ்ச நாளில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். வாரம் முழுக்கப் பூமிக்கு அடியில் வேலை, சனிக்கிழமை ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சின்ன கிளப்புக்கு ஸ்டாப்பர், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கிறவர். தலையால் நன்றாக அடிப்பார், இடது கால் பரவாயில்லை, வலது காலை நின்றுகொள்ள மட்டும்தான் பயன்படுத்துவார். ஸ்காட்லாந்து சீனியர் அணிக்கு ஒருமுறைகூட ஆடியதில்லை. 1950இல் வாரம் 12 பவுண்டு சம்பளத்துக்கு வேல்ஸில் லனெல்லி என்ற ஊருக்குப் போனார், லீக்கிலேயே இல்லாத டீம். இதற்கிடையில் ஹாமில்டனில் பூட்டிவைத்த வீட்டில் திருடன் புகுந்தான், ஒருமுறை அல்ல, இரண்டு முறை. போதும், ஊருக்குத் திரும்பிச் சுரங்கத்துக்கே போய்விடலாம் என்ற நிலையில் இருந்த மனிதரை 1951 டிசம்பரில் செல்டிக் 1,200 பவுண்டுக்கு எடுத்தது. அதுவும் எதற்கு? ரிசர்வ் டீமில் பையன்களோடு ஆடி அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க. ஜிம்மி கிரிபன் என்ற ரிசர்வ் டீம் பயிற்சியாளர்தான் இவர் பெயரைச் சொன்னாராம். மேல் டீமில் ஸ்டாப்பர்கள் வரிசையாக அடிபட்டுப் படுக்க, இவர் உள்ளே போய்க் கேப்டனும் ஆகி, 1954இல் லீக், கோப்பை இரண்டையும் ஒரே வருடத்தில் தூக்கினார். செல்டிக்குக்கு அப்படி நடந்து 40 வருடம் ஆகியிருந்தது.

வீட்டில் எல்லோரும் புராட்டஸ்டன்ட், அப்பா ரேஞ்சர்ஸ் பக்கம். கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டன்ட்காரர்கள் கிளப், செல்டிக் கத்தோலிக்கர்கள் கிளப், இரண்டுக்கும் ஜென்மப் பகை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செல்டிக் பச்சையைப் போட்டதும் பழைய சிநேகிதர்கள் சிலர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். பின்னால் அதே கிளப்பில் கத்தோலிக்கர் அல்லாத முதல் மேனேஜர் அவர்தான்.

கணுக்கால் போய், நொண்டி நடையோடு ஆட்டம் முடிந்தது. ரிசர்வ் பையன்களைக் கொடுத்தார்கள். இதுதான் உனக்குப் பிடிக்கும்: அந்தக் காலத்தில் வாரம் முழுக்கப் பந்தைக் கண்ணில் காட்டமாட்டார்கள், மைதானத்தைச் சுற்றி ஓட மட்டும் விடுவார்கள். பந்துக்கு ஏங்கினால்தான் சனிக்கிழமை வெறியோடு ஆடுவானாம். நம் பழைய சார் இதே கொள்கைக்காரர், நீ அந்த ஓட்டத்தில் வாந்தி எடுத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டீன் பந்தைக் கொண்டுவந்து நடுவில் போட்டார். பின்னால் செல்டிக் கேப்டன் ஆன பில்லி மெக்நீல் அந்தப் பையன்களில் ஒருவன்.

1960இல் டன்ஃபர்ம்லைன் என்ற ஸ்காட்லாந்து கிளப்புக்கு மேனேஜர். கீழ் லீக்குக்கு இறங்கிவிடும் நிலையில் இருந்த டீம். போனவுடன் தொடர்ந்து ஆறு ஜெயம், அடுத்த வருடமே கோப்பை. இறுதிப் போட்டியில் அடித்தது யாரை? செல்டிக்கை! அப்புறம் ஹிபர்னியன், 1965இல் மறுபடி செல்டிக். அதற்கு முன்னாலேயே இத்தாலிக்குப் போய் ஹெரேரா என்ற பெரிய கோச்சின் இன்டர் மிலான் எப்படிப் பயிற்சி செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். நாலு வருடத்துக்குள் அதே ஹெரேராவை லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் எதிரே பார்த்தார்.

1967 மே 25. ஏழாவது நிமிடமே மட்ஸோலா பெனால்டியில் இன்டருக்கு ஒரு கோல். அதோடு கதவைச் சாத்திவிட்டார்கள், அதுதான் அவர்களுக்குக் கைவந்த கலை. செல்டிக்காரர்கள் அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், கோல்கீப்பர் சார்ட்டி பிடித்துக்கொண்டே இருக்கிறான், கம்பத்தில் படுகிறது. 63ஆவது நிமிடம் ஜெம்மெல், யார் தெரியுமா, பேக், பின்னால் நின்று தடுக்கிறவன், தூரத்தில் இருந்து ஒரே உதை. 84இல் சால்மர்ஸ். 2-1. பிரிட்டனுக்கு வந்த முதல் ஐரோப்பியக் கோப்பை. அந்தப் பதினொரு பேரும் செல்டிக் பார்க்கிலிருந்து 30 மைலுக்குள் பிறந்தவர்கள். பாபி லெனாக்ஸ் ஒருவன்தான் கொஞ்சம் தள்ளி, கடற்கரை ஊர். இனி உலகத்தில் எவனும் அப்படி ஒரு டீமை வைத்து அந்தக் கோப்பையை வாங்கமாட்டான், எழுதி வைத்துக்கொள்.

ஆட்டத் தந்திரத்தைவிட ஆளைப் படிக்கிற வித்தைதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. ஜிம்மி ஜான்ஸ்டன், குட்டையன், அபார விங்கர், ஆனால் விமானம் என்றால் நடுங்குவான். 1968இல் பெல்கிரேடின் ரெட் ஸ்டாரோடு கிளாஸ்கோவில் முதல் ஆட்டம், இரண்டாவது பெல்கிரேடில். ஹாஃப் டைமில் 1-1. ஸ்டீன் அவனிடம், நாலு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் நீ பெல்கிரேடுக்கு வர வேண்டாம் என்றார். 5-1. ஜான்ஸ்டன் மட்டும் இரண்டு. நீ அந்த அந்தோணியை மழை நாளில் கெஞ்சிக் கொஞ்சி இறக்கினாயே, அதே ஜாதி வேலை.

அப்புறம் இறக்கம். ஒன்பது லீக் தொடர்ந்து வாங்கினார்கள், 1974 வரை. 1975 கோடையில், எதிர்த்திசையில் தவறாக வந்த கார் மோதி ஸ்டீன் சாகப் பிழைத்தார், ஒரு சீசன் போயிற்று. 1977இல் நட்சத்திர ஆட்டக்காரன் டால்கிளிஷை லிவர்பூலுக்கு விற்றார்கள். அடுத்த சீசனில் ஐந்தாம் இடம். உடனே லாட்டரி நாற்காலி.

அவர் உட்காரவில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் கிளப்புக்கு மேனேஜராகப் போனார், 44 நாளில் அதையும் விட்டுவிட்டு ஸ்காட்லாந்து தேசிய அணி. இந்த இடத்தில்தான் உனக்கு எழுத ஆரம்பித்தேன். ஆலோசகர் பதவியைத் தூக்கிப் போடு, உன்னைக் கோச்சாகக் கூப்பிடுகிற கடற்கரைப் பையன்களிடம் போ, காசு கிடைக்காவிட்டால் என்ன, உனக்குக் கத்துவதற்கு ஒரு மைதானம் வேண்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதிக்கொண்டே வரும்போது அவருடைய கடைசி ஆட்டம் நடந்த கார்டிஃப் வந்துவிட்டது.

1985 செப்டம்பர் 10. வேல்ஸோடு ஆட்டம், தோற்காமல் இருந்தால் உலகக் கோப்பைக்கு வழி இருக்கிறது. மார்க் ஹியூஸ் முதலில் கோல் போட்டுவிட்டான். ஹாஃப் டைமில் கோல்கீப்பர் ஜிம் லெய்ட்டன், கான்டாக்ட் லென்ஸ் தொலைந்துவிட்டது, வேறு இல்லை என்கிறான். அவன் லென்ஸ் போடுகிறவன் என்பதே ஸ்டீனுக்குத் தெரியாது. உதவியாளராகப் பக்கத்தில் நின்ற அலெக்ஸ் ஃபெர்குசன்தான் அபெர்டீன் கிளப்பில் அவனுக்கு மேனேஜர், அவருக்கும் தெரியாது. அந்த ரத்தக் கொதிப்பை நினைத்துப் பார். 81ஆவது நிமிடம் டேவி கூப்பர் பெனால்டி அடித்து 1-1. ஆட்டம் முடிகிற நேரத்தில் ஸ்டீன் சுருண்டு விழுந்தார், மைதானத்து மருத்துவ அறையிலேயே உயிர் போயிற்று. வயது 62. போட வேண்டிய மாத்திரையைக் கொஞ்ச நாளாகப் போடாமல் இருந்தார் என்று பின்னால் சொன்னார்கள்.

நீ மாத்திரை போடுகிறாயா? ஸ்டென்ட் வைத்தபின் ஒழுங்காகச் செக்கப் போகிறாயா? "மைதானத்தில் நின்றால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தாமஸிடம் சொன்னாயாமே, உதைப்பேன். ஆலோசகராக இருந்தால் இன்னும் இருபது வருடம் இருப்பாய் என்று கமலா சொல்கிறாளாம், அவள் சொல்வதில் தப்பு என்ன என்று இரண்டு ராத்திரியாக எனக்குள் வாதம். ஆனால் அந்த அறையில் ஃபைலைப் புரட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக வேறு எவனோ தப்புத்தப்பாகப் பயிற்சி கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உனக்குப் பிரஷர் குறையுமா, ஏறுமா? எனக்குத் தெரிந்த மணிக்கு ஏறும்.

அதனால் இப்படிச் செய். பையன்களிடம் போ, ஆனால் மாலையில் மட்டும். டாக்டர் சம்மதித்தபின் போ, அந்தச் சீட்டை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. போட்டி நாளில் உதவிக்கு ஒருத்தனை வைத்துக்கொள், கத்துகிற வேலையை அவனிடம் கொடு, அந்தோணி சும்மாதானே இருக்கிறான். தாமஸ் மகள் கல்யாணத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே, பந்தியில் உட்கார்ந்தால் நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாய். அதற்கு முன்னாலேயே பதில் எழுது.

அன்புடன்,
சேகர்