பிணை கிடைத்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விரைவான விசாரணை என்றதும் 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையே பலரும் நினைவுகூர்வர். குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் பீகார் சிறைகளில் அடைபட்டிருந்த விசாரணைக் கைதிகளின் நிலை கண்டு, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் விரைவான விசாரணையும் அடங்கும் என்று நீதிமன்றம் அன்று அறிவித்தது.

எனினும், இன்றைய சிக்கலைத் தெளிவாகக் காட்டுவது பேராசிரியர் ஒருவரின் கை வெட்டப்பட்ட வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வழங்கிய பிணை உத்தரவுதான் என்பது என் கருத்து. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதாகி, நான்கு ஆண்டுகளாகியும் விசாரணை தொடங்காத நிலையில் சிறையில் இருந்தவருக்கு அந்நீதிமன்றம் பிணை அளித்தது. மேல்முறையீட்டில் 2021-இல் அதை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், விசாரணை நியாயமான காலத்துக்குள் முடியும் வாய்ப்பில்லாதபோது, பிணைக்கு அச்சட்டம் விதிக்கும் கடுமையான தடைகூடத் தளர வேண்டும் என்றது. அப்போதும் விசாரிக்கப்பட வேண்டிய சாட்சிகள் 276 பேர்!

பிணை அவரை வெளியே கொண்டுவந்தது. வழக்கை அது ஓர் அடிகூட நகர்த்தவில்லை. கை வெட்டப்பட்ட அந்தப் பேராசிரியர், தம்மைத் தாக்கியோர் மீதான தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார் என்பதையும் மறக்க இயலாது. நீதிமன்ற ஊழியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாள் கூலியை இழந்து வந்த சாட்சியிடம் "வாய்தா" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும், அடுத்த தேதிக்கு அவர் வருவாரா என்ற கவலை என்னை வாட்டியிருக்கிறது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346-ஆவது பிரிவு, சாட்சி விசாரணை தொடங்கினால் அன்றாடம் தொடர வேண்டும் என்கிறது. 479-ஆவது பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால், மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் போன்ற விலக்குகள் நீங்கலாக, அவரை விடுவிக்கக் கோரிச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியற்றவருக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை.

இவ்வாறு எத்தனை விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன, எத்தனை பேர் விடுதலையாயினர், பிணையாள் கிடைக்காமல் உத்தரவுக்குப் பின்னும் உள்ளேயே இருப்போர் எத்தனை பேர் என்ற விவரங்களை ஒவ்வொரு மாவட்டத்திலும் மாதந்தோறும் வெளியிடுமாறு உயர் நீதிமன்றங்கள் ஆணையிட வேண்டும். அன்றாட விசாரணை தடைபட்ட வழக்குகளையும் அதற்கான காரணங்களையும் அந்தப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்