வைவா முடிந்தது: ஆய்வேட்டில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள தாத்தா, அக்காமார், அண்ணன்மார் எல்லோருக்கும்,

போன வெள்ளிக்கிழமை என் ஆய்வேட்டுக்கான வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்தது. சமூகவியலில் எனக்கு முனைவர் பட்டம் தரலாம் என்று பரிந்துரைத்துவிட்டார்கள். வழிகாட்டி, துறைத்தலைவர், நூலகம் என்று முறைப்படி சொல்ல வேண்டிய நன்றியை ஆய்வேட்டிலேயே சொல்லியாயிற்று. அந்த ஒரு பக்கத்தில் அடங்காதவர்களுக்குத்தான் இது.

முதலில் கொளப்பள்ளிச் சங்கத் தாத்தாவுக்கு. இலங்கை மலையகத் தமிழர்களைப் பங்கு பிரித்த 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு என்று கணக்கு எழுதிய 5,25,000 பேரில் எங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியும் உண்டு. இலங்கையின் மஸ்கெலியாவில் கிளம்பி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரியில் இந்தப் பந்தலூர் மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு இங்கே தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று தலைமுறை இங்கேயே கொழுந்து பறித்தும், சாதிச் சான்றிதழ் என்று போய் நின்றால் “பூர்வீகம் எது, அங்கே போய் வாங்கிக்கோ” என்றார்கள். துறையூர்ப் பக்கம் என்று பாட்டி சொல்லித் தெரியும். அங்கே எங்களை யாருக்குத் தெரியும்?

சங்கத் தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டி. எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வீடுகள் அத்தனைக்கும் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையின் நகல் அதில் இருக்கும், வீட்டுக்கொரு பிளாஸ்டிக் உறையில். எங்கள் உறையை எடுத்துக்கொண்டு நாலு தடவை என்னோடு பஸ் ஏறினார். நாலாம் தடவை கையெழுத்து விழுந்தது. அது இல்லையென்றால் இட ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

அடுத்து, சனிக்கிழமை ராத்திரி போனில் எனக்கு வழிகாட்டிய அக்காமார். ஒருவர் சென்னையில், ஒருவர் ஹைதராபாத்தில், அதற்கு முன் முகம் பார்த்ததில்லை. பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க ஆய்வு முன்மொழிவு வேண்டும் என்றார்கள். ‘தேயிலைத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை’ என்று எழுதி அனுப்பினேன். (நம் பக்கத்து எம்.ஏ. புராஜெக்டில் பாதிக்கு இதுதான் தலைப்பு.) சென்னை அக்கா திட்டவில்லை. “நேத்து ராத்திரி உங்க வீட்ல என்ன பேசிக்கிட்டீங்க?” என்று கேட்டார்.

“அம்மாவுக்குப் பேர் விழலன்னு பேசினோம்க்கா.”

“பேர்னா?”

ஒரு நாள் வேலை கணக்கில் ஏறினால் அது ஒரு பேர். பாட்டி மஸ்கெலியாவிலிருந்து கொண்டுவந்த சொல். மாசத்துக்கு இத்தனை பேர் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. இதையெல்லாம் யாராவது கேட்பார்கள் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதை எழுது” என்றார். ஆள் வேலைக்கு வந்தும் பேர் விழாமல் போவது எப்படி, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கடைசியில் ஆய்வேடாக ஆனது. முன்மொழிவைப் பன்னிரண்டு தடவை திருத்தினேன். ஒரு வரிகூட அவர்கள் எழுதித் தரவில்லை. ஓரத்தில் கேள்வி மட்டும் போட்டு அனுப்புவார்கள். அப்போது கோபமாக வந்தது, இப்போது அந்தத் தாள்களைக் கட்டி வைத்திருக்கிறேன்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு முதல் நாள் கோயம்புத்தூரில் தங்க இடம் கொடுத்த ஆயாவுக்கும், சுடச்சுடப் போட்ட தோசைக்கும் தனியாக ஒரு நன்றி.

சேர்ந்த பிறகு உதவித்தொகைக் கோப்பு ஒரு மேசையில் ஏழு மாசம் தூங்கியது. எந்த மேசை என்று சொல்லி இனி என்ன ஆகப்போகிறது. ஹாஸ்டல் மெஸ் பாக்கியை சீனியர் அண்ணன்மார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள். நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். இன்னும் 3,400 ரூபாய் நிற்கிறது. யார் யார் கொடுத்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும், தயவுசெய்து சொல்லுங்கள்.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் “உனக்கென்ன பைத்தியமா” என்பார். அதனால் விட்டுவிடுகிறேன்.

ஹைதராபாத் அக்கா இரவல் கொடுத்த லேப்டாப்பை, அவர் சொன்னபடியே, சேரம்பாடித் தங்கச்சியிடம் வருகிற ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிறேன். அவள் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. தங்கச்சி, சார்ஜர் பின்னைக் கொஞ்சம் இடதுபக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் ஏறும். உன் முன்மொழிவை சனிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பிவிடு.