வீமன் வரமாட்டான், அக்கா

அன்பின் அக்காவுக்கு,

வட்ஸ்அப்பில் எழுதினால் இது பாதியில் நின்றுவிடும். நான் உங்கள் நாய் வீமனைப் பற்றித் தொடங்க, லண்டனிலிருந்து நீங்கள் "வாடைக்காற்று எப்படி, கிணற்றில் தண்ணி எவ்வளவு" என்று கேட்பீர்கள். நான் பதில் எழுதி முடிக்க அங்கே பேத்தி எழும்பிவிடுவாள். பிறகு கதைப்பம் என்று போய்விடுவீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளும் எங்கள் ஒழுங்கைச் சனமும் வாசிப்பார்கள் என்று தெரியும். சில விஷயங்களை அதற்காகவே தொடாமல் போகிறேன். எவை என்று உங்களுக்கு விளங்கும்.

மாசியில் நீங்கள் வாங்கோ. ரிக்கெற்றை மாற்ற வேண்டாம். ஆனால் திரும்பிப் போகும்போது உங்களோடு லண்டனுக்குக் கொண்டுபோக வீமனைப் பிளேனில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

பத்திரங்களில் ஒரு குறையும் இல்லை. லண்டனுக்கு நாய் கொண்டுபோக நினைக்கும் மற்றவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் நடைமுறையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். முதலில் மைக்ரோசிப், அதற்குப் பிறகுதான் விசர்நாய்த் தடுப்பூசி. ஊசி முந்திவிட்டால் அது கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாளாவது பொறுத்து இரத்தம் எடுக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்து அறிக்கையில் எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்கவேண்டும். இவ்வளவும் வீமனுக்கு முடிந்தது. போய் இறங்குவதற்கு 24 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 120 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் கொடுக்கிற நாடாப்புழு மருந்தும், கடைசி 10 நாளுக்குள் எடுக்கும் சுகாதாரச் சான்றிதழும்தான் மிச்சம். நீங்கள் பயணம் செய்யும் நாளுக்கு முன்பின் 5 நாளுக்குள் அவனும் போகாவிட்டால் வியாபாரத்துக்குக் கொண்டுபோகும் நாயாகக் கணக்கெடுப்பார்கள். நீங்கள் மாசியில் வருவதே அதற்காகத்தான் என்பதை நான் மறக்கவில்லை.

சரிவராதது அவனைப் பூட்டி அனுப்பவேண்டிய பெட்டி.

அளவு பிழையில்லை. மூக்கிலிருந்து வாலடி வரையுள்ள நீளத்தோடு, நிலத்திலிருந்து முன்னங்கால் முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். தோள் அகலத்தின் இரண்டு மடங்கு அதன் அகலம். நிமிர்ந்து நின்றால் காது நுனி கூரையில் முட்டக்கூடாது. உங்கள் மகள் அனுப்பிய பெட்டி இதற்கெல்லாம் பொருந்துகிறது. பழக்கிய முறையிலும் அவசரப்படவில்லை. முதலில் மேல்மூடியைக் கழற்றி, கீழ்த்தட்டை மட்டும் விறாந்தையில் வைத்து, உங்கள் பழைய சேலையை விரித்தேன். அன்றைக்கே ஏறிப் படுத்துவிட்டான். சேலையில் உங்கள் வாசம் இருந்தது. சோற்றுச் சட்டியை வாசலில் வைத்து, சில நாளுக்கு ஒருமுறை ஒரு சாண் உள்ளே தள்ளினேன். மூடியைப் போட்ட பிறகும் போனான். சூடைமீனை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்துப் பிசைந்து வைத்தால் தலையும் முன்னங்காலும் உள்ளே போகும், பிறகு முழு உடம்பும் போகும். கொளுக்கி விழுகிற சத்தம் கேட்டதும் எல்லாம் முடிந்துவிடும். சாப்பாட்டை அப்படியே விடுவான். கொட்டாவி விடுவான், உதட்டை நக்குவான், பிறகு நாக்கைத் தொங்கவிட்டு வீணீர் வடிய இளைப்பான். இதைத் தாண்டி நான் பூட்டி வைத்திருந்தால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்திருப்பான். ஒவ்வொரு தரமும் அதற்கு முன் திறந்துவிட்டேன். இளைப்புத் தொடங்கிய நாய்க்கு அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் பழக்க முடியாது. அடுத்த நாள் இன்னும் பின்னுக்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

இந்தத் தைப்பொங்கலுக்கும் விடிய வெடி தொடங்கியதும் விறகுக் கொட்டிலுக்குள் போய்விட்டான். அதைப் பார்த்தபோதுதான் மனம் உறுதியாயிற்று. நீங்கள் இருந்த அந்தப் பொங்கல் நினைவுக்கு வந்தது. பால் பொங்குகிற நேரம், சுற்றிவர எல்லா வளவிலும் ஒன்றாகச் சீனவெடி. எல்லாரும் பானையைப் பார்த்தபடி நிற்க, நீங்கள் மட்டும் முற்றத்தில் இல்லை. தேடிவந்து பார்த்தால், பனைமட்டைக் குவியலுக்கும் தகரத்துக்கும் இடையில் அவன் ஒடுங்கிக் கிடக்கிறான். பக்கத்தில் பொங்கலுக்குக் கட்டிய புதுச்சேலையோடு புழுதியில் நீங்கள். அவனை இழுக்கவில்லை, தொடவில்லை, முகத்தைக்கூட அவன் பக்கம் திருப்பவில்லை. தோளை மட்டும் அவனுக்குக் காட்டிக்கொண்டு, அடுப்படியில் தனியக் கதைக்கிறதுபோல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஐயா பானையடியில் நின்று கூப்பிட்டார், நீங்கள் அசையவில்லை. நான் கையை நீட்டப் போக, "இழுத்தால் கடிப்பான், விட்டால் வருவான்" என்றீர்கள். வெடி ஓய்ந்து கனநேரத்துக்குப் பிறகு முதலில் மூக்கு வந்தது, பிறகு ஒரு கால். கடைசியில் உங்கள் மடியில் தலையை வைத்தான். பயந்த நாய்க்கு ஒளிக்க இடமும் வேணும், தானாக வெளியே வர வழியும் வேணும், ஒன்றை மட்டும் கொடுத்தால் விசர் பிடிக்கும் என்று அங்கே வைத்துத்தான் சொன்னீர்கள்.

அதைச் சொல்லித்தந்த நீங்கள் "ஒரு நாள்தானே, பூட்டி அனுப்பு" என்று எழுதலாமோ? அந்தச் செய்திக்கு நான் பதில் போடாததற்குக் காரணம் நெற்வேர்க் இல்லை, கோபம்.

அந்த ஒரு நாளைக் கணக்குப் பாருங்கோ. இங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு எட்டு மணித்தியாலம். வழியில் முறிகண்டியில் இறக்கிக் கால்நடக்க விடலாம், அதற்குப் பிறகும் இரண்டு இடத்தில் நிறுத்தலாம், அதெல்லாம் சரி. பிறகு சரக்குப் பகுதியில் மணிக்கணக்காக முன்னரே ஒப்படைக்கவேண்டும், ஏனென்றால் லண்டனில் சரக்காகத்தான் நாயை இறக்க விடுவார்கள், உங்கள் காலடியில் வைக்க முடியாது. நேர் விமானமே ஏறக்குறைய 11 மணித்தியாலம். இறங்கிய பிறகு பத்திரம் பார்த்து முடிய இன்னும் சில மணித்தியாலம். தண்ணீரை உறையவைத்துக் கிண்ணத்தோடு மாட்டினால் சிந்தாமல் மெல்ல உருகும், அது நல்ல வழி. மயக்க மருந்து நல்ல வழியில்லை. இரத்த அழுத்தத்தை விழுத்தும், உடம்புச் சூட்டைத் தானே சமாளிக்கிற வல்லமையைக் குறைக்கும், பெட்டி ஆடும்போது காலூன்ற விடாது. மயக்கிய நாயை விமானக்காரர் ஏற்கவும் மாட்டார்கள். நாய் இளைத்துத்தான் சூட்டை வெளியே விடும். பயத்தில் இளைத்துக்கொண்டே போனால் மூடிய பெட்டிக்குள் சூடு ஏறும். ஒன்பது வயது, உண்ணிக் காய்ச்சல் வந்து தேறிய உடம்பு. அந்தக் காய்ச்சலில் அவன் பல்முரசு வெள்ளைத் துணிபோல வெளிறியிருந்ததை வீடியோவில் நீங்களே பார்த்து அழுதீர்கள்.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களைக் கேட்காமல் உங்கள் நாயைப் பற்றி முடிவெடுத்திருக்கிறேன். கேட்டிருந்தால் நீங்கள் மறுமொழி சொல்லமுடியாமல் அங்கேயிருந்து அந்தரப்படுவீர்கள், மற்றவர்கள் உங்களுக்காகச் சொல்லியிருப்பார்கள். அதற்குமேல் இதில் எழுதவில்லை.

மழையையும் காற்றையும் நீங்கள் ஏன் நாள்தோறும் விசாரிக்கிறீர்கள் என்று தெரியாமலில்லை. மாரி முடிய உண்ணி ஏறும், சோழகக் காற்றுத் தொடங்கினால் படலைத் தகரம் அடிபட்டு அவன் இரவெல்லாம் குரைப்பான். அவனைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு வானத்தைக் கேட்கிறீர்கள். நேராகவே கேளுங்கோ அக்கா, எத்தனை தரமென்றாலும் சொல்லுவேன். காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் கழுத்துப்பட்டிக்குக் கீழும் நாள்தோறும் பார்க்கிறேன். உண்ணியைத் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுக்கிறேன், மண்ணெண்ணெய் பூசுவதில்லை. அது மதில் வெடிப்பில் ஏறி முட்டையிடுவதால் வெடிப்பெல்லாம் சீமெந்து வைத்து அடைத்தாயிற்று.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். நீங்கள் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப்போனால் அவன் பழையபடி படலையடியில் கிடப்பான், சாப்பிடமாட்டான். அதை அங்கேயிருந்து நீங்கள் பார்க்கப்போவதில்லை, பார்க்கப்போவது நான். அப்படியென்றாலும் வாங்கோ. இயன்றால் கொஞ்ச நாள் கூட நிற்கிறமாதிரி வாங்கோ.

வீமனை ஏற்றவென்று பேசிய வானுக்கு முற்பணம் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முதல் நீங்கள் இறங்குகிற நாளையும் நேரத்தையும் சொன்னால், அதே வானைக் கட்டுநாயக்காவுக்கு உங்களை ஏற்ற அனுப்பலாம். பெட்டியைப் பிரான்சுக்கு நாய் கொண்டுபோகிற ஒரு குடும்பம் கேட்கிறது. மகளின் காசில் வாங்கியது, அவவைக் கேட்டுச் சொல்லுங்கோ. சேலையைக் கொடுக்கமாட்டேன், அவன் அதில்தான் படுக்கிறான்.