நெசவு பார்த்த நேரத்துக்கும் கூலி உண்டு: லாரெஸ் மலைநடை முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரு நாட்டின் குஸ்கோ நகரிலிருந்து லாரெஸ் மலைநடை நடத்தும் முகவர்களுக்கு,

வணக்கம். போன ஜூன் மாதம் உங்களில் ஒருவர் மூலமாகத்தான் லாரெஸுக்கு வந்தேன். மூன்று நாள் நடை, நாலாம் நாள் மச்சு பிச்சு. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. நாலைந்து அலுவலகங்களில் ஏறி இறங்கி விசாரித்தேன். எல்லோரும் நீட்டிய நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இது உங்கள் எல்லோருக்கும். இதன் சுருக்கத்தை ஸ்பானிஷில் எழுதி உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழில் எழுதுவது, அடுத்து அங்கே கிளம்பப்போகிற எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான்.

நடையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 4,400 மீட்டருக்கு மேலே, பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னை, வழிகாட்டித் தம்பி ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. சமையல்காரர் ஆலங்கட்டி மழையில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து கினுவா சூப் வைத்துக் கொடுத்தார். சுமையெல்லாம் கோவேறு கழுதை மேல். கடைசியில் லாரெஸ் வெந்நீர் ஊற்றில் காலை நீட்டியபோது நடந்த வலி பாதி போய்விட்டது.

நான் எழுத வந்தது இரண்டாம் நாள் மதியம் நடந்த இருபது நிமிடத்தைப் பற்றி.

கணவாய் தாண்டி இறங்கினால் ஒரு ஊர். கல் சுவர், புல் வேய்ந்த கூரை, சில வீடுகளுக்குத் தகரம். நிரலில் ‘பாரம்பரிய கெச்சுவா நெசவு, நேரடிக் காட்சி’ என்று போட்டிருந்தீர்கள். ஒரு வீட்டு முற்றத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி எங்களுக்காகக் காத்திருந்தார். பெரியவர்களை ‘மாமா’ என்று கூப்பிட வேண்டும் என்று வழிகாட்டி சொன்னதும் குழுவில் நான் மட்டும் சிரித்தேன். அந்த மலைமக்கள் பேசும் கெச்சுவாவில் அது அம்மா.

அந்த மாமா ஒரு வேரைத் துருவித் தண்ணீரில் போட்டு நுரை எடுத்தார். அதில் கம்பளியை அலசினார். அப்புறம் புஷ்கா. எங்கள் ஊர்த் தக்ளியின் அக்காள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே, ஆடு மேய்த்துக்கொண்டே நூல் நூற்கிற கதிர். அடுத்து சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வளரும் கொச்சினீல் பூச்சி, காய்ந்தது, சாம்பல் பூத்த மிளகு மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்து நசுக்கினார், ரத்தச் சிவப்பு. அதன் மேல் எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டார், செம்மஞ்சள். எல்லோரும் கைதட்டினார்கள். கேமராக்கள் தட்டியது தனி.

தறிக்கு வந்ததும்தான் நான் உட்கார்ந்தேன். பாவின், அதாவது நீளவாட்டு இழைகளின், ஒரு முனை முற்றத்தில் அடித்த முளையில், மறு முனை அவர் இடுப்பில் கட்டிய பட்டையில். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கிறது, முன்னால் குனிந்தால் தளர்கிறது. நகத்தால் ஒவ்வோர் இழையாகப் பொறுக்கி எடுக்கிறார், ஊடையை, குறுக்கு இழையை, விடுகிறார், லாமா எலும்பைச் சீவிச் செய்த ருக்கியால் இழைகளைத் தட்டி இறுக்குகிறார். பூவேலைக்கு அங்கே பல்யாய் என்று பெயர். பொறுக்குவது என்றுதான் அதற்கு அர்த்தம். காகிதத்தில் கட்டம் போட்ட மாதிரிப் படம் எதுவும் பக்கத்தில் இல்லை. கணக்கு முழுக்க மனசில்.

நான் சேலத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். குழித்தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவள். நாங்கள் பார்த்த புட்டாப் பூவெல்லாம் ஊடையில் வரும். அங்கே பாவே பூக்கிறது, ஊடை உள்ளே மறைந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் துணியைத் தறியிலிருந்து அறுத்தெடுப்போம். அங்கே கத்தரி படுவதில்லை, நாலு பக்கமும் கரை. அதனால் முடிக்கும் இடத்தில் இழை பிரிய இடமில்லாமல் போய்விடும், கடைசி நாலு விரல் அகலத்துக்கு ஊடையை ஊசியால்தான் கோக்க வேண்டும். நெய்ததிலேயே சிரமமான இடம் அதுதான். அதை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். மாமாவின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் முடித்து வைத்திருந்த ஒரு லிக்லியாவை, தோளில் போர்த்துகிற துணியை, எடுத்து விரித்தார். அதற்குள் வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ‘வாமோஸ்’, கிளம்பலாம், என்றார். நேரமாகிவிட்டது.

நேரமானது சந்தைக்கு. வெளியே புல்தரையில் எட்டுப் பத்துப் பெண்கள் அரைவட்டமாகத் துணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். “சொல்கிற விலையில் பாதியில் ஆரம்பியுங்கள்” என்று எங்களுக்கு முன்பே பாடம் எடுத்திருந்தீர்கள். நான் ஒரு சும்பி எடுத்தேன், இடுப்புக் கச்சை. பெரு நாட்டுப் பணத்தில் அறுபது சோல் என்றார்கள். நான் வாயைத் திறக்குமுன் வழிகாட்டி கெச்சுவாவில் பேசி நாற்பத்தைந்துக்கு முடித்துவிட்டார். நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். பேரம் பேசாதே என்று தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை.

இறங்கும் வழியில் கேட்டேன்: நெய்து காட்டிய அந்த மாமாவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? வழிகாட்டி யோசிக்காமல் பதில் சொன்னார். கொடுப்பது கிடையாது, அவர் துணியை நீங்கள் வாங்கினால் அது அவருக்கு. அன்றைக்கு எங்கள் ஒன்பது பேரில் ஒருவரும் அவர் துணியை வாங்கவில்லை. வேர் துருவி, பூச்சி நசுக்கி, தறி கட்டிக் காட்டியதெல்லாம் இலவசம்.

எங்கள் வீட்டுக்கும் ஆள் வருவார்கள். கல்லூரி மாணவர்கள், புகைப்படக்காரர்கள், ‘கைத்தறி மேல் ஆர்வம் உள்ளவர்கள்’. அப்பா மரியாதைக்காகத் தறியை நிறுத்திவிட்டு விளக்கம் சொல்வார், அம்மா காபி போடுவார். அவர்கள் போன பிறகு ராத்திரி பதினோரு மணி வரை தறி ஓடும். சேலைக்குத்தான் கூலி, விளக்கத்துக்கு யார் கொடுத்தார்கள்? அதனால்தான் அந்த முற்றத்தில் நடந்தது எனக்கு உடனே பிடிபட்டது.

சுமை விஷயத்தில் உங்கள் நாட்டில் விதி இருக்கிறது. மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையில் மூட்டை தூக்குகிறவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று 2001ல் சட்டம் வந்தது. சோதனைச் சாவடியில் தராசு வைத்து எடை போடுகிறார்கள். அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேர்தான், பணியாட்களும் சேர்த்து. அனுமதி கிடைக்காதவர்கள் லாரெஸ் பக்கம் திரும்புகிறோம். இங்கே அந்த அனுமதிச்சீட்டு வேண்டாம், கூட்டமும் குறைவு, ‘மக்களோடு பழகலாம்’. நீங்கள் விற்பதே அந்த மக்களைத்தான். உங்கள் செலவுக் கணக்கில் கழுதைக்காரருக்கு என்று ஒரு வரி எழுதியிருக்கிறது, சமையல்காரருக்கு இருக்கிறது, கூடாரத்துக்கு இருக்கிறது. விளம்பரப் படத்தில் முதல் ஆளாக நிற்கிற நெசவுக்காரிக்கு இல்லை.

லாரெஸ் என்ற பெயருக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் லா கொன்வென்சியோன், லாரெஸ் பள்ளத்தாக்குகளின் குடியானவர்கள் சங்கம் கட்டி எழுந்தார்கள். விவசாயிகள் தலைவர் ஊகோ பிளாங்கோ அவர்களோடு நின்றார். பண்ணையாரின் நிலத்தில் குடியிருப்பதற்காக மாதத்தில் இத்தனை நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்ற முறைதான் அவர்களுடைய முதல் வழக்கு. வேலை நிறுத்தம் செய்து அதை ஒழித்தார்கள். நீங்கள் பண்ணையார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூலியில்லாத வேலை என்ற பேச்சை அந்த ஊர்ப் பெயரோடு சேர்த்துக் கேட்டால் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

போகிற போக்கில் இன்னொன்று. உங்கள் விளம்பரத்தில் ‘500 ஆண்டுகளாக மாறாத வாழ்க்கை’ என்று போடுவதை நிறுத்திவிடுங்கள். அந்தப் பெண்கள் உடுத்தும் அகன்ற பாவாடையும் தலையில் வைக்கும் மோந்தேரா தொப்பியும் ஸ்பெயின் வழி வந்தவை. செம்மறி ஆடும் அப்படியே. ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக இரண்டாம் தூபாக் அமாரு தலைமையில் நடந்த கிளர்ச்சியை நசுக்கிய பிறகு, 1781ல் அரேச்சே என்ற ஸ்பானிய அதிகாரி இன்கா உடையையே தடை செய்தார். அதையெல்லாம் தாண்டி இடுப்புத் தறியையும் நாலு கரைத் துணியையும் அவர்கள் கைவிடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பட்டு மீண்டவர்களை ‘மாறாதவர்கள்’ என்று சொன்னால், ஒன்றுமே நடக்காத ஊரில் சும்மா இருந்தவர்கள் மாதிரி ஆகிவிடுகிறது. முற்றத்தில் எங்களுக்கு நெய்து காட்டிய மாமா கைபேசியில் மகளோடு பேசிக்கொண்டேதான் நூல் சுற்றினார்.

விலை கூடிவிடும், ஆள் வரமாட்டார்கள் என்பீர்கள். நியாயம்தான். மலிவாக எது என்று தேடித்தான் நானும் உங்களில் ஒருவரைப் பிடித்தேன். ஆனால் ஒன்பது பேர் குழுவில் ஒரு நெசவாளரின் அரைநாள் கூலியைப் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும்? குஸ்கோவில் நாங்கள் குடிக்கிற ஒரு காபிக்கு மேல் போகுமா? செய்ய முடியாத காரியமும் இல்லை. ஓயாந்தாய்தாம்போவில் அவாமாக்கி அமைப்பு பட்டகாஞ்சா ஊர்ப் பெண்களோடு சேர்ந்து கட்டணம் வைத்தே நெசவு வகுப்பு நடத்துகிறது. குஸ்கோவில் 1996 முதல் இயங்கும் பாரம்பரிய நெசவு மையம் விற்கிற துணியில் நெய்தவரின் பெயர்ச் சீட்டு தொங்குகிறது. மையத்தைத் தொடங்கிய நில்டா கல்யான்யாவ்பா சின்சேரோ ஊர் நெசவுக்காரி. உங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நான் கேட்பது சின்ன விஷயம். நெய்து காட்டுகிற நேரத்துக்குக் கூலி கொடுங்கள், துணி விற்றாலும் விற்காவிட்டாலும். எவ்வளவு என்பதை ஊர்க்கூட்டத்தில் அவர்களே சொல்லட்டும். யாருடைய முறை எந்த வாரம் என்பதையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். அய்னி என்று ஒருவருக்கொருவர் மாறி மாறிச் செய்துகொடுக்கும் வேலையை ஒழுங்காக நடத்திக்கொண்டு வருகிறவர்களுக்கு நீங்கள் முறை வகுத்துத் தர வேண்டியதில்லை. இருபது நிமிடத்தை அரைநாளாக்குங்கள். மூன்றாம் நாள் வெந்நீர் ஊற்றில் நாங்கள் ஊறுகிற நேரத்தில் கொஞ்சம் எடுத்தால் போதும். எங்களுக்காகப் பேரம் பேசாதீர்கள். திரும்பும் வழியில் ‘கூட்டுறவுக் கடை’ என்று சொல்லி எங்களை இறக்கிவிடும் சாலையோரக் கடைகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அங்கே பேபி அல்பாக்கா என்று மெல்லிய கம்பளியாகத் தருவதை உங்கள் வழிகாட்டிகளே ‘மேபி அல்பாக்கா’, ஒருவேளை அல்பாக்காவோ என்னவோ, என்று கேலி செய்கிறார்கள். அவர்களுக்கே தெரிந்த விஷயம்.

வருகிற மே மாதம் என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் லாரெஸுக்கு வருகிறார்கள். விலைப்பட்டியல் கேட்டு உங்களுக்கு எழுதுவார்கள். சமையல்காரர், கழுதைக்காரர் வரிகளுக்குக் கீழே நெசவாளர் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் பதினைந்து சோலும் கொடுத்தனுப்புகிறேன். சும்பி விற்ற பெண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா தெரியவில்லை. அந்தக் கச்சையின் படம் தங்கையின் போனில் இருக்கிறது, ஊரில் காட்டினால் யார் கை என்று சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டாம் நாள் குழுவில் கடைசியாக நடந்து வந்தவள்